சேல்நெஸ்காரர்களின் மூச்சு

சேல்நெஸ்
செப்டம்பர் 4, 1961

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தானின் வாயுத் தொந்தரவு குறைந்ததா?

ஒரு சேதி. மாடி அறையை வாடகைக்கு விட்டிருக்கிறேன். நானாக விடவில்லை, ஊர்க் கமிட்டி என் தலையில் கட்டிவிட்டது. சுவிட்சர்லாந்து டாக்டர் ஒருவர், பெயர் ரேட்டோ. இந்தக் குளிரிலும் இருட்டிலும் நம் கரையோர ஜனங்கள் எப்படிக் கிழவயசிலும் கல்லு மாதிரி நடமாடுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்ய வந்திருக்கிறார். வசந்தம் வரை இருப்பாராம். கடல் தண்ணீர், மீன், பாசி, காட்டுப்பழம், நம் மூச்சு, ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. குழாய் வைத்த தகர டிரம் ஒன்று கொண்டுவந்திருக்கிறார். ஊரே வரிசையில் நின்று அதில் ஊதுகிறது. பக்கத்து வீட்டு சிக்வார்ட் ஊதின ஊதலில் மூடி எகிறி என் கூடத்து விளக்கு உடைந்துவிட்டது.

நம் பாஷையைப் புத்தகத்தில் படித்துக் கற்றிருக்கிறார். "அம்மையீர், இன்று காற்று கடுமையாக வீசுகின்றது" என்கிறார். பாதிரியார்கூடப் பிரசங்கம் முடிந்தால் இப்படிப் பேசமாட்டார்.

நேற்று நடந்ததை உனக்கு எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. புளித்த ஹெர்ரிங் மீன் டப்பா ஒன்று ஆராய்ச்சிக்கு வாங்கி வந்தார். அதை வெளியே வைத்துத்தான் திறக்க வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. தெரியாத மனிதரும் உலகத்தில் உண்டா என்ன? மாடியில் கட்டில்மேல் உட்கார்ந்து திறந்திருக்கிறார். நாற்றத்தில் பூனை வீட்டை விட்டுப் போனது போனதுதான். மெத்தை வேலியில் தொங்குகிறது. வாசலில் நின்றுகொண்டு, "அம்மையீர், இது உணவா, அன்றி ஆயுதமா?" என்று கேட்டார். நான் அவர் எதிரில் சிரிக்கவில்லை. உள்ளே போய்த்தான் சிரித்தேன். பிறகு பரிதாபமாக இருந்தது. மெல்லிய ரொட்டியில் உருளைக்கிழங்கோடு சுருட்டிக் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வழியச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டார்.

மற்றபடி எழுத ஒன்றுமில்லை.

இப்படிக்கு, முழங்காலோடு மல்லுக்கட்டும் தங்கை
ஹில்டுர்


கோதன்பர்க்
செப்டம்பர் 17

அடியே ஹில்டுர்,

நாங்கள் சௌக்கியம். உன் அத்தானின் வாயுவும் சௌக்கியம்.

முழங்காலுக்கு ஒரு வரி, டாக்டருக்கு மீதி எல்லாம். நடுவில் "எழுத ஒன்றுமில்லை" வேறு. கேட்டதற்குப் பதில் சொல். என்ன வயசு? பெண்டாட்டி உண்டா? தலையில் முடி உண்டா?

உன் வீட்டுக்காரர் ஆர்விட் கடலோடு போய் ஆறு வருஷம் ஆகிறது. நீ ஒண்டிக்கட்டையாக அந்தப் பெரிய வீட்டைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாய். நல்ல மனிதர் ஒருவர் வாசலில் வந்து நின்றால் பூனை போனதற்காக அழாதே. உனக்கு ரோஷம் ஜாஸ்தி. நீ வைத்த சூப்பில் உப்பில்லை என்று சொன்னதற்காக ஆர்விட்டோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தவள் நீ. அந்தப் புத்தியை இங்கே காட்டாதே.

உன் நல்லதை நினைக்கும்
வால்போர்க்


சேல்நெஸ்
அக்டோபர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அதைக் கீழே எழுதுகிறேன்.

நீ நினைப்பதுபோல் ஒன்றும் இல்லை. வயசு ஐம்பத்தைந்து. மனைவி தவறிப் பல வருஷமாகிறது, பிள்ளைகள் இல்லை. நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். முடி இருக்கிறது. பாசி பொறுக்க அவரோடு சதுப்புக்குப் போனேன், வழி தெரியாமல் எங்காவது அமிழ்ந்துவிட்டால் கமிட்டி என்னைத்தானே கேட்கும்? அமிழத்தான் செய்தார், இடுப்பு வரை. நான் கையைப் பிடித்து இழுத்தேன். கரையேறின பிறகும் கொஞ்ச நேரம் கையை விடவில்லை. குளிர்.

இப்போது விஷயம். அவருக்கு நம் ஊர் ஜனங்களின் நெஞ்சைப் பற்றிப் பெரிய கவலை. டிரம்மில் ஊதினால் எருது மாதிரி ஊதுகிறார்கள், அதில் குறையில்லை. ஆனால் பேச ஆரம்பித்தால் அவர் முகம் வாடிவிடுகிறது. சிக்வார்டிடம், "தாங்கள் இரவில் நன்கு உறங்குகிறீர்களா?" என்று கேட்டார். சிக்வார்ட் பதில் சொன்னார். "பசி எடுக்கின்றதா?" அதற்கும் பதில் சொன்னார். உடனே டாக்டர் அவரைப் படுக்க வைத்துவிட்டார். இரண்டு வாரம் வலை தொடக்கூடாதாம். கிழவர் இப்போது கட்டிலில் சாய்ந்துகொண்டு, "எனக்கு வந்திருக்கறது சாதாரண வியாதி இல்லடி, வெளிநாட்டு டாக்டருக்கே பேரு தெரியல" என்று பெருமை பேசுகிறார்.

என்னிடமும் அப்படித்தான். "காபியில் பாலாடைக்கட்டி போடுவது இங்கு வழக்கமா?" என்று கேட்டார். நான் பதில் சொன்னதும் முதுகில் அந்தச் சில்லென்ற குழாயை வைத்துக் கேட்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு ஒன்றுமில்லை என்று எனக்கே தெரியும். இருந்தாலும் வைக்கட்டும் என்று விட்டேன்.

அத்தானுக்கு வணக்கம்.

ஹில்டுர்


கோதன்பர்க்
நவம்பர் 9

ஹில்டுர்,

சுகம். பல் ஒன்று பிடுங்கினேன், அதனால் சுருக்கமாக.

வைக்கட்டும் என்று விட்டாயாம்! அடி கள்ளி.

ஆனால் சிக்வார்டுக்கு நெஞ்சில் கோளாறு என்றால் நான் நம்பமாட்டேன். அந்தக் கிழவர் வேட்டையாடின கடல்நாயைத் தோளில் போட்டுக்கொண்டு பனியில் நடக்கிறவர். டாக்டர் எங்கோ தப்பு செய்கிறார். என்னவென்று பிடிபடவில்லை.

வால்போர்க்


சேல்நெஸ்
டிசம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து தாமதமாக வருகிறது, மன்னித்துக்கொள். நான் நலம். வேண்டிய அளவு நலம்.

ஊரே நோயாளி ஊராகிவிட்டது. பள்ளியில் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி கிடையாது. பாதிரியார் பிரசங்கத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார், சபைக்கு மூச்சு முட்டுகிறதாம். அதனால் கோயிலில் கூட்டம் கூடிவிட்டது. டாக்டர் முதல் அறிக்கையைத் தலைநகருக்கு அனுப்பிவிட்டார். முழு அறிக்கையைப் பிப்ரவரியில் சங்கக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்துவிட்டு அனுப்புவாராம்.

லூசியா திருநாளன்று காலை பிள்ளைகள் மெழுகுவர்த்தியோடு பாடிவிட்டுப் போனார்கள். டாக்டரும் நானும் படிக்கட்டில் நின்றிருந்தோம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னிடம் ஒன்று கேட்டார். நான் பதில் சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை அக்கா, உடனே சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. என்னைத் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு மாத்திரை கொடுத்து, கம்பளியைப் போர்த்திவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அதைப் பற்றிப் பேச்சே இல்லை. என்னைப் பார்த்தால் மெதுவாக நடக்கிறார், சத்தமில்லாமல் கதவைச் சாத்துகிறார்.

என்ன கேட்டார் என்று கேட்டு எழுதாதே. ஒரு பெண்ணிடம் அப்படி ஒன்றைக் கேட்டுவிட்டு, பதில் வந்ததும் பயந்து மாத்திரை கொடுக்கிற மனிதரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? அவருடைய உருளைக்கிழங்குக்கு வெண்ணெய் வைப்பதை நிறுத்திவிட்டேன்.

பூனை வந்துவிட்டது.

ஹில்டுர்


கோதன்பர்க்
ஜனவரி 14, 1962

என் அருமை அசட்டுத் தங்கையே,

நாங்கள் சுகம் என்று சொல்ல முடியாது. சிரித்துச் சிரித்து எனக்கு விலா பிடித்துக்கொண்டது. இன்று காலை உன் அத்தான் பத்திரிகையை உரக்கப் படித்தார். "வடக்குக் கரையில் மர்மமான மூச்சுத்திணறல். பேசும்போது திடீர் திடீரென மூச்சை உள்ளிழுக்கும் மக்கள். கேள்வி கேட்டாலே நோய் தாக்குகிறது." நான் நாற்காலியிலிருந்து கீழே விழுந்தேன். உண்மையாகவே விழுந்தேன்.

ஏண்டி, உனக்கு இன்னுமா புரியவில்லை? நம் ஊரில் யாராவது "ஆமாம்" என்று வாயால் சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? "ஷுப்" என்று மூச்சை உள்ளே இழுப்போம். அதுதான் நமக்கு ஆமாம். அம்மா இழுத்தாள், அப்பா இழுத்தார், பாதிரியார் ஞானஸ்நானத்தில் கேட்டால் தொட்டில் பிள்ளை தவிர எல்லோரும் இழுக்கிறோம். தன் குறட்டை தனக்குக் கேட்குமா? நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் கசாப்புக் கடைக்காரர் "அரைக் கிலோ போதுமாம்மா?" என்று கேட்டார். நான் ஷுப் என்றேன். மனிதர் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தார். அன்றைக்கு விட்டேன் அந்தப் பழக்கத்தை.

உன் டாக்டர் புத்தகத்தில் படித்தவர். புத்தகத்தில் ஷுப் ஏது? தூக்கம் வருகிறதா, ஷுப். பசிக்கிறதா, ஷுப். அவர் கணக்கில் ஊரே மூச்சுக்குத் திண்டாடுகிறது.

இப்போது லூசியா காலைக்கு வருகிறேன். நீ சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா? கல்யாணம்தானே கேட்டார்? நீ ஷுப் என்றாய். அந்தப் பாவி, கல்யாண நினைப்பு வந்ததுமே உனக்கு நெஞ்சடைத்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். உன் உயிருக்குப் பயந்து கதவை மெதுவாகச் சாத்துகிறார். நீயோ வெண்ணெயை நிறுத்திவிட்டாய்!

அறிக்கை போவதற்குள் சொல். மனிதர் உலகத்தின் முன்னால் கோமாளி ஆகிவிடுவார். தனியாகக் கூப்பிட்டுச் சொல். காலில் விழுந்து கேட்கிறேன், ரோஷத்தை மூட்டை கட்டி வை.

விலாவைப் பிடித்துக்கொண்டே,
வால்போர்க்


சேல்நெஸ்
பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கடல் நன்றாக உறைந்துவிட்டது, அதன்மேல் லாரி போகிறது.

உன் கடிதம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது, பனிப்புயலில் தபால் நின்றுவிட்டது. அறிக்கை வாசிக்கிற அன்று மத்தியானம்தான் கைக்குக் கிடைத்தது. படித்தேன், அடுப்பைக்கூட அணைக்காமல் சறுக்குவண்டியை உதைத்துக்கொண்டு சங்கக் கூடத்துக்குப் போனேன். அவர் மேடையில் நின்று, "இம்மக்களின் துன்பம் கண்டு என் நெஞ்சம் கனக்கின்றது" என்று ஆரம்பித்துவிட்டார். தனியாகக் கூப்பிட நேரமில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னேன்.

"டாக்டர், நிறுத்துங்க. சிக்வார்டுகிட்ட ஏதாவது கேளுங்க, ஆமான்னு பதில் வர்ற மாதிரி."

அவர் குழம்பிப்போய், "தாங்கள் மீனவரா?" என்றார்.

சிக்வார்ட் இழுத்தார்.

"இப்ப இல்லைன்னு வர்ற மாதிரி ஒண்ணு."

"தாங்கள் பாதிரியாரா?"

"நானா? எந்த மடையன் சொன்னான்? ஒருநாளும் இல்ல!" என்று சிக்வார்ட் கூரை அதிரக் கத்தினார். மூச்சு முட்டவே இல்லை.

டாக்டர் கூடம் முழுக்க ஒவ்வொருவரிடமாகப் போனார். உங்களுக்குக் காபி பிடிக்குமா, ஷுப். இன்று செவ்வாயா, ஷுப். நீங்கள் ஆணா, ஷுப். கடைசியில் நடுவில் நின்று, "இல்லை என்று கூறும்பொழுது மட்டும் உங்கள் அனைவருக்கும் நோய் தீர்ந்துவிடுகிறது" என்றார். ஊரே சிரித்தது. அவரும் சிரித்தார், அக்கா. ஆறு மாத உழைப்பு கண்ணெதிரே கரைந்துபோக, அதைப் பார்த்துத் தானே முதலில் சிரிக்கிற மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. உடனே அறிக்கையை இரண்டாகக் கிழித்தார். தலைநகருக்குப் போய் முதல் அறிக்கையையும் தானே திரும்பப் பெறுவேன் என்றார்.

மறுநாள் போய்விட்டார். நல்லதுதான். மாடி அறைக்கு வெள்ளையடிக்க வேண்டும். டிரம்மை இங்கேயே விட்டுப் போயிருக்கிறார், மாவு கொட்டி வைக்க ஆகும்.

ஹில்டுர்


சேல்நெஸ் தொலைபேசி நிலையம்
மார்ச் 5

மதிப்பிற்குரிய வால்போர்க் அக்காவுக்கு எல்விரா எழுதிக்கொண்டது.

இங்கு நான், என் அம்மா, ஊர் லைன்கள் எல்லாம் நலம். உங்கள் நலத்துக்கு வேண்டுகிறேன்.

"ஹில்டுர் எதையோ மறைக்கிறாள், நீயாவது சொல்" என்று கேட்டிருந்தீர்கள். நான் பிறர் விஷயத்தில் தலையிடுகிறவள் இல்லை. ஆனால் மூத்தவர் கேட்கும்போது சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை.

அன்று கூடத்தில் எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு டாக்டருக்குத் திடீரென்று ஏதோ தோன்றியது. முகம் மாறிவிட்டது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஹில்டுர் அக்கா முன்னால் வந்து நின்று, "அப்படியாயின், லூசியா தினத்தன்று படிக்கட்டில் தாங்கள் அளித்ததும் விடைதானா?" என்று கேட்டார். சிக்வார்ட் தாத்தா, "என்ன கேட்டாரு? படிக்கட்டுல என்ன கேட்டாரு?" என்று பின்னாலிருந்து கத்தினார். ஹில்டுர் அக்கா சுற்றிலும் பார்த்தார்கள். காது வரை சிவந்துவிட்டது. "இல்லை" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்கள்.

டாக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார். அவருக்கு இப்போது நம் "இல்லை" நன்றாகப் புரியும், பாவம்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை தோறும் தலைநகரிலிருந்து நிலையத்துக்குப் போன் செய்கிறார். "சேல்நெஸில் வானிலை எவ்வாறு உள்ளது?" என்று கேட்கிறார். "ஹில்டுர் அக்கா வீட்டுக்கு இணைக்கட்டுமா?" என்றால், "வேண்டாம், வானிலை மட்டும் போதும்" என்கிறார். இங்கே வானிலையில் என்ன இருக்கிறது அக்கா, பனிதான்.

பணிவுடன்
எல்விரா


கோதன்பர்க்
மார்ச் 16

ஹில்டுர்,

நலம் விசாரிக்க எனக்கு மனசில்லை.

இல்லை என்றாயாமே. எனக்கு எல்லாம் தெரியும். யார் சொன்னார்கள் என்று கேட்காதே, அந்தப் பெண்ணோடு சண்டைக்குப் போகாதே.

ஊரே பார்க்க உன்னைக் கேட்டது அவர் தப்பு. வெளிநாட்டுக்காரர், கூச்சநாச்சம் தெரியவில்லை. ஆனால் பொய் சொன்னது நீ. அவர் தன் தப்பை ஊர் முன்னால் கிழித்துப் போட்டார். நீ உன் தப்பை டிரம்மில் போட்டு மாவு கொட்டி மூடப் பார்க்கிறாய். உனக்கு அவர் வேண்டாம் என்றால் எழுது, இனி இந்தப் பேச்சை எடுக்கவே மாட்டேன். வேண்டும் என்றால் மறைக்காதே.

நான் அவருக்கு ஓர் அஞ்சலட்டை போட்டிருக்கிறேன். ஒரே வரிதான். "கேள்வியைத் தனியாகக் கேட்கவும்." திட்டினால் திட்டிக்கொள்.

வால்போர்க்


சேல்நெஸ்
ஏப்ரல் 2

என் அன்பு அக்கா,

முதலில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? விலா தேவலையா? எனக்கு முழங்கால்கூட வலிக்கவில்லை.

திட்டத்தான் உட்கார்ந்தேன். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். பிறகு உண்மையையே எழுதிவிடலாம் என்று தோன்றிற்று. அவர் போனதிலிருந்து இந்த வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை அக்கா. மாடிப்படியில் சத்தம் கேட்காதா என்று காது அங்கேயே இருந்தது. இரண்டு பேருக்குக் காபி போட்டுவிட்டு ஒன்றைக் கொட்டினேன். வேண்டும். அவர் எனக்கு வேண்டும்.

நேற்று ஞாயிறு. கோயிலிலிருந்து வந்து கையுறையைக் கழற்றுகிறேன், மணி அடித்தது. எல்விராவின் குரல். "தலைநகரிலேர்ந்து பேசறாங்க. இந்தத் தடவை வானிலை இல்லக்கா" என்றாள்.

அவர்தான். கொஞ்ச நேரம் இருமல், செருமல். பிறகு, "ஹில்டுர், உங்கள் தமக்கையாரின் அறிவுரைப்படி தனியாகக் கேட்கிறேன். என் எஞ்சிய நாள்களை உங்களோடு கழிக்க விரும்புகிறேன். உங்களுக்குச் சம்மதமா?" என்றார்.

நான் இழுத்தேன். முன்னைவிட ஆழமாகவே இழுத்தேன்.

அந்தப் பக்கம் சத்தமில்லை. "ஹலோ? ஹில்டுர்? தொடர்பு அறுந்துவிட்டதா?" என்கிறார். கம்பியில் அது போகாது என்று எனக்கு எப்படித் தெரியும்? மறுபடி இழுத்தேன். மறுபடி "ஹலோ? ஹலோ?" மூன்றாம் முறை இழுத்ததில் தலை சுற்றியது. அவர் தாழ்ந்த குரலில், "புரிகிறது. தொந்தரவுக்கு மன்னியுங்கள்" என்றார்.

"ஐயோ வைக்காதீங்க டாக்டர்!" என்று எல்விரா குறுக்கே விழுந்து கத்தினாள். "ஆமாங்கறாங்க! அக்கா ஆமாங்கறாங்க!"

"எல்விரா," என்றேன், "லைனை விட்டு எறங்கு. அது நான் சொல்ல வேண்டிய பதில்."

இறங்கினாளோ இல்லையோ, வாயை மூடினாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். நாற்பத்தொன்பது வயசில் முதல் தடவையாக அந்த வார்த்தையைப் பதிலாக வெளியே விட்டேன். "ஆமா, ரேட்டோ. ஆமா. அன்னிக்கும் அதேதான்." சொன்னதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எழுத வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பக்கம் அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. எனக்கோ கோபம் வருகிறாற்போல் இருந்தது. "கடல் பனி உடையறதுக்கு முன்னாடி வந்துடுவீங்களா, மாட்டீங்களா?" என்று அதட்டினேன்.

அப்போது கேட்டது. கம்பி வழியே வந்து சேர வேண்டுமே என்று அத்தனை பலமாக இழுத்திருக்கிறார், பாவம், "ஷு" வரைக்கும்தான் வந்தது, பாதியில் புரையேறிவிட்டது. நான் காதில் போன் குழாயை வைத்துக்கொண்டு, அந்த இருமல் அடங்கும் வரை சிரித்தபடி காத்திருந்தேன்.

உன்
ஹில்டுர்